கொசுப் பொறியில் கோளாறு: பினாங்கில் பொறி வைப்பவர்களுக்கு, அறிகுறி வாரியாக

தாமான் (குடியிருப்புப் பகுதி) குடியிருப்பாளர் குழுவில் சேர்ந்து பொறி வைப்பவர்கள், சுகாதாரத் துறையின் கோம்பி (COMBI) டிங்கித் தடுப்புத் தன்னார்வலர்கள், ஆய்வுக்காக வீடு வீடாகப் போகும் மாணவர்கள், பூச்சிக் கட்டுப்பாட்டு வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பகுதி முட்டைப் பொறியை, அதாவது ஏடிஸ் கொசு வந்து முட்டையிடும் தண்ணீர்க் கோப்பையைப் பற்றியது. கொசுவை விசிறியால் பைக்குள் இழுக்கும் விசிறிப் பொறிக்குத் தனிப் பகுதி பின்னால் இருக்கிறது.

சரியான பொறி எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் முதலில் வைத்துக்கொள்வோம். சுமார் 300 மில்லி பிடிக்கும் கறுப்பு பிளாஸ்டிக் கோப்பை. அதில் 5.5 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குழாய்த் தண்ணீர். 10 சென்டிமீட்டர் நீளம், 2.5 அகலத்தில் ஒரு ஹார்ட்போர்டு துண்டு (இனி பலகை), சொரசொரப்பான பக்கம் மேலே தெரிய, கோப்பையில் சாய்வாக. ஐந்து நாள் கழித்து எடுக்க வேண்டும்.

இன்னொன்று. படிவத்தில் பூஜ்யம் போடும் முன் கை கொஞ்சம் நிற்கட்டும். "முட்டை இல்லை", "பொறி கெட்டுவிட்டது", "பொறி காணோம்" மூன்றும் வேறு வேறு பதிவுகள். கெட்டுப்போன பொறிக்குப் பூஜ்யம் எழுதினால், அந்த வட்டாரத்தில் டிங்கி பரப்பும் ஏடிஸ் இல்லை என்று நீங்களே சான்றிதழ் கொடுத்தது போலாகிவிடும்.

அறிகுறி 1: பலகையில் ஒரு முட்டைகூட இல்லை

*உண்மையிலேயே இல்லையா?* ஏடிஸ் முட்டை கறுப்பு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நனைந்த ஹார்ட்போர்டும் கறுப்பாகத்தான் தெரியும். பலகையை நிழலில் சற்று ஈரம் வடிய விட்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே உள்ள பட்டைதான் முக்கியம். கொசு தண்ணீருக்குள் போடுவதில்லை, ஈரமான ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போகிறது. பலகை வெறுமையாக இருந்தால் கோப்பையின் உள்சுவரையும் தடவிப் பாருங்கள். "ஒன்னும் இல்ல அண்ணே" என்று என்னிடம் வரும் பலகைகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

*பலகை எப்படி நின்றது?* வழவழப்பான பக்கம் மேலே இருந்தால் கொசுவுக்குப் பிடிப்பில்லை. பலகை சரிந்து முழுக்க மூழ்கியிருந்தால் முட்டை போட இடமே இல்லை. இரண்டிலும் முட்டை கோப்பைச் சுவருக்குப் போய்விடும். காகித கிளிப் ஒன்று போதும், நகராது.

*தண்ணீரில் என்ன இருக்கிறது?* முகர்ந்து பாருங்கள். சோப்பு நுரை, எண்ணெய்ப் படலம், குளோரோக்ஸ் (பிளீச்) வாடை ஏதாவது இருந்தால் அந்தப் பொறி கெட்ட பொறி. வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில் பாத்திரம் கழுவும் சோப்பால் கோப்பையைத் தேய்த்து வைத்திருப்பார். புதுக் கோப்பைகளிலும் பிளாஸ்டிக் நெடி இருக்கும். வைப்பதற்கு முன் ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவிவிடுங்கள், சோப்பு வேண்டாம்.

*இடம் சரியா?* வெயில், காற்று, ஆள் நடமாட்டம் மூன்றும் விழும் இடத்தில் கோப்பை இருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பாயா தெருபோங், ரேலாவ் பக்கத்துப் பிளாட்டுகளில் நடைபாதைக் கம்பியோரம் வைப்பதைவிட, காலணி அலமாரிக்கு அடியில், சலவை இயந்திரத்துக்குப் பின்னால் வைப்பது நல்லது. மாடி உயரம் என்று விட்டுவிடாதீர்கள், ஏடிஸ் உயரமான மாடிகளிலும் இருக்கும். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் அஞ்சடியைவிட (முன்பக்கக் கூரை நடைபாதை) உள்ளே ஆகாயத் திறப்புக்குப் பக்கத்து இருட்டு மூலை பலன் தரும். பாலிக் புலாவ் டுரியான், ஜாதிக்காய்த் தோட்டங்களில் செடி அடர்ந்த நிழலில் தரையோடு வையுங்கள். வீட்டுக்குள் பெரும்பாலும் ஏடிஸ் எஜிப்தி, தோட்டத்தில் பெரும்பாலும் ஏடிஸ் அல்போபிக்டஸ். இரண்டையும் தேடினால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வைத்தாக வேண்டும்.

*யாராவது கொசுவர்த்தியோ ஸ்ப்ரேயோ பயன்படுத்துகிறார்களா?* கேளுங்கள். கோப்பைக்குப் பக்கத்தில் சாம்பல் சுருள் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

*போகிங் (மருந்துப் புகை அடிப்பது) நடந்ததா?* அந்தப் புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். முட்டை அப்படியே இருக்கும். அதனால் புகை அடித்த உடனே பொறி வெறுமையாகி, பிறகு மறுபடி ஏறும். புகை அடித்த தேதி இல்லாத பதிவு பாதிப் பதிவுதான்.

*எறும்பா, கரப்பானா?* முட்டை ஒட்டியிருந்த தடம் தெரிந்து முட்டை மட்டும் இல்லாவிட்டால், அல்லது பலகையில் எறும்பு வரிசை தெரிந்தால், யாரோ சாப்பிட்டுவிட்டார்கள். பல்லி வந்து தண்ணீர் குடிப்பதும் உண்டு, அது முட்டையைத் தொடாது. எறும்புக்குக் கோப்பையின் வெளிப்புறத்தில் வாசலின் ஒரு வளையம் தடவினால் போதும். சாப்பாட்டு அலமாரிக் காலுக்குச் செய்வது போல கோப்பையைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த எறும்புத் தட்டே ஏடிஸுக்குப் பிடித்த இடங்களில் ஒன்று. பொறியில் விழ வேண்டிய முட்டை அங்கே விழும்.

*சுற்றுப்புறத்தில் இதைவிட நல்ல தண்ணீர் இருக்கிறதா?* இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. ஒரு பெண் ஏடிஸ் எல்லா முட்டையையும் ஒரே பாத்திரத்தில் போடாது, பல இடத்தில் பிரித்துப் போடும். பூச்சட்டித் தட்டு, பாத்திரம் கவிழ்க்கும் ரேக்கின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, அடைபட்ட கூரைத் தண்ணீர்க் கால்வாய், பழைய டயர், தோட்டத்தில் டுரியான் தோல், தேங்காய் ஓடு எல்லாம் உங்கள் கோப்பையோடு போட்டி போடுகின்றன. செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மழையில் போட்டி அதிகம். அப்போது பொறி எண்ணிக்கை இறங்குவதால் கொசு குறைந்தது என்று அர்த்தம் இல்லை. சுற்றியுள்ள வீடுகளின் தண்ணீரை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

*இத்தனையும் சரி, இன்னும் இல்லை.* வைக்கோல் ஊறவைத்த தண்ணீரை நீர்த்து ஊற்றினால் முட்டை கூடும், இது பல ஆண்டுகளாகத் தெரிந்த வழி. ஆனால் ஒரு பொறிக்கு மட்டும் ஊற்றாதீர்கள். வட்டாரம் முழுக்க ஊற்றுங்கள், இல்லாவிட்டால் எதிலும் வேண்டாம். பாதியில் மாற்றினால் போன மாத எண்ணோடு ஒப்பிட முடியாது. நாற்றத்துக்கு வீட்டுக்காரர் முகம் சுளிப்பதும் கணக்கில் வரட்டும்.

எப்போது அழைக்க வேண்டும்: பக்கத்தில் டிங்கி நோயாளிகள் இருக்க, சரியாக வைத்த பொறிகள் அடுத்தடுத்து இரண்டு சுற்றிலும் வெறுமையாக வந்தால், மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் பூச்சியியல் பிரிவிடம் சொல்லுங்கள். கொசு எங்கே முட்டையிடுகிறது என்று அவர்கள் தேட வேண்டிய நேரம் அது.

அறிகுறி 2: தண்ணீர் வற்றிவிட்டது, அல்லது வழிந்துவிட்டது

வற்றினால்: கோப்பையில் கீறல் இருக்கிறதா என்று காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பூனை, நாய், கோழி குடித்திருக்கலாம். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் வெயில் படும் இடம் என்றால் நிழலுக்கு மாற்றுங்கள். இரண்டாம் நாளே வற்றிய பொறியில் பலகையைக் கவனித்து எடுங்கள். காய்ந்த பலகையிலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

வழிந்தால்: மழைச்சாரல். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே பக்கவாட்டில் ஒரு சிறு துளை போட்டால் தண்ணீர் அதற்கு மேல் ஏறாது. துளை இல்லாத கோப்பையில் தண்ணீர் ஏறும்போது பலகையில் இருந்த முட்டை நனைந்து பொரித்து, புழு தண்ணீரோடு வெளியே போயிருக்கும். அந்தப் பொறியின் எண்ணைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.

ஐந்து நாளை ஏழு நாளாக்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடாது. நம் வெப்பத்தில் முட்டை ஏழிலிருந்து பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். எடுக்க மறந்த பொறி கொசுப் பண்ணை.

அறிகுறி 3: முட்டை இருக்கிறது, பொரிக்கவில்லை

லென்ஸில் பாருங்கள். முட்டையின் ஒரு முனை மூடி போலத் திறந்திருந்தால் ஏற்கெனவே பொரித்துவிட்டது, புழு கோப்பைத் தண்ணீரில் இருந்திருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டு பலகையை மட்டும் கொண்டுவருகிறவர்களுக்கு இது வாடிக்கை.

முட்டை நடுவில் குழி விழுந்து சப்பையாக இருந்தால், சீக்கிரம் காய வைத்துவிட்டீர்கள். புது முட்டைக்கு உள்ளே கரு வளர இரண்டு மூன்று நாள் ஈரம் வேண்டும். எடுத்து வந்ததும் ஈரத் துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்து, பிறகு நிழலில் மெதுவாகக் காய விடுங்கள். காரின் டாஷ்போர்டில் பலகையைக் காயப் போடுவது முட்டையை வறுக்கும் வழி.

முட்டை பருமனாக, முழுசாக இருந்தால் இன்னும் நம்பிக்கை உண்டு. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில், ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, பலகையை முழுக்க மூழ்க விடுங்கள். தண்ணீரில் பிராண வாயு குறைவதுதான் பொரிக்கச் சொல்லும் சைகை. முதல் முறை எல்லாம் பொரிக்காது. காய வைத்து மறுபடி மூழ்க விட்டால் இன்னொரு பங்கு வரும்.

இரண்டு முறைக்குப் பிறகும் ஒரு வட்டாரத்து முட்டை மட்டும் பொரிக்காமல் இருந்தால், அங்கே வொல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய கொசு விடுகிறார்களா என்று சுகாதார அலுவலகத்தில் கேளுங்கள். மலேசியாவில் சிலாங்கூரில் 2017இல் தொடங்கிய திட்டம் அது. வொல்பாக்கியா உள்ள ஆண் கொசுவோடு அது இல்லாத பெண் சேர்ந்தால் முட்டை பொரிப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் பொறியில் எந்தக் கோளாறும் இல்லை, முட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஆய்வகத்திடம் கொடுங்கள்.

அறிகுறி 4: புழு இருந்தது, இப்போது செத்து மிதக்கிறது அல்லது குறைகிறது

எல்லாப் பொறியிலும் அல்லாமல் ஒரே வீட்டுப் பொறியில் என்றால், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து. வீட்டுக்காரர் தொட்டியில் போட்ட மிச்சத்தைக் கோப்பையிலும் ஒரு பிடி போட்டிருப்பார். அடியில் மணல் போன்ற துகள் தெரியும். கோப்பையைக் கழுவி மறுபடி பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

உங்கள் வளர்ப்புத் தட்டில் சாகிறது என்றால் சாப்பாடு அதிகம். மீன் உணவுப் பொடி நுனிவிரல் அளவு போதும். தண்ணீர் மேல் வெள்ளைப் படலம் வந்தால் புழு மூச்சு விட மேலே வர முடியாது. தண்ணீரை மாற்றுங்கள்.

சாகாமல் குறைந்துகொண்டே வந்தால் தட்டில் பெரிய, செந்நிறம் கலந்த, முரட்டுப் புழு ஒன்று இருக்கிறதா பாருங்கள். டாக்சோரிங்கைட்டிஸ். மற்ற கொசுப்புழுக்களைத் தின்றே வளரும் இனம், செடி அடர்ந்த இடத்துப் பொறிகளில் வரும். பெரிதானபின் அது மனிதரைக் கடிக்காது. கோபத்தில் நசுக்காமல் தனியாக எடுத்து வையுங்கள், படிவத்திலும் எழுதுங்கள். அந்தப் பொறியின் புழு எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல என்பதற்கு அதுவே விளக்கம்.

அறிகுறி 5: இது ஏடிஸ் மாதிரி தெரியவில்லை

தண்ணீர் மேல் படகு போல ஒட்டி மிதக்கும் முட்டைக் கூட்டம் கியூலெக்ஸ் என்ற வேறு கொசு வகை. புழுவின் மூச்சுக்குழாய் நீண்டு மெலிந்திருந்தால் கியூலெக்ஸ், குட்டையாகத் தடித்திருந்தால் ஏடிஸாக இருக்கலாம். குழாயே இல்லாமல் தண்ணீர் மட்டத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் அனாபிலிஸ், கோப்பைப் பொறியில் அபூர்வம். அடியில் சிவப்பாக நெளிவது கொசுவே இல்லை.

எஜிப்தியா அல்போபிக்டஸா என்பதைக் கைலென்ஸ் வைத்துச் சொல்ல முயலாதீர்கள். மூன்றாம் பருவத்துக்கு மேல் வளர்ந்த புழுவின் வயிற்றில் எட்டாம் கண்டத்தில் (வளையப் பகுதியில்) உள்ள சீப்புச் செதில்களை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். எஜிப்தியில் நடு முள்ளுக்குப் பக்கத்தில் கிளை முட்கள் உண்டு, அல்போபிக்டஸில் ஒற்றை முள். வளர்ந்த கொசு என்றால் எளிது: முதுகில் யாழ் போன்ற வெள்ளைக் கோடுகள் எஜிப்தி, நடுவில் ஒரே நேர்கோடு அல்போபிக்டஸ். நுண்ணோக்கி இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆய்வுப் பிரிவே இருக்கிறது, அடையாளம் காண்பது அவர்களின் அன்றாட வேலை.

அறிகுறி 6: விசிறிப் பொறி ஓடுகிறது, பையில் கொசு இல்லை

ஒரு துண்டு டிஷ்யூவைப் புனல் வாய்க்கு மேலே பிடியுங்கள். உள்ளே இழுத்தால் விசிறி சரி. மேலே தள்ளினால் சிடிசி ஒளிப்பொறியில் (விளக்கு வைத்த விசிறிப் பொறி) மின்கம்பிகள் மாறிப் போயிருக்கின்றன, சிவப்பையும் கறுப்பையும் மாற்றுங்கள். லேசாக மட்டும் இழுத்தால் விசிறி இதழில் தூசி, சிலந்தி வலை, முடி. பஞ்சால் துடையுங்கள்.

அடுத்து பை. வாய் சரியாகப் பொருந்தாமல் சுருண்டிருந்தால் உள்ளே போனது திரும்பி வந்துவிடும். இரவில் கரண்டு போய் வந்திருந்தாலும் அப்படித்தான்.

அடுத்து கொசுவை இழுக்கும் மணப்பொருள். பிஜி சென்டினல் என்ற விசிறிப் பொறியின் மணப்பொட்டலம் அதிகபட்சம் ஐந்து மாதம் தாங்கும். பிரித்த தேதியைப் பொட்டலத்திலேயே எழுதாதவர்கள் அதிகம். சர்க்கரை, ஈஸ்ட் கலந்து கரியமில வாயு உண்டாக்குபவர்கள் குழாய் இணைப்பில் கசிவு பாருங்கள், சோப்பு நீர் தடவினால் குமிழி வரும்.

பை முழுக்க விட்டிலும் வண்டும் என்றால் விளக்கைக் கழற்றுங்கள். ஏடிஸ் பகலில் பறப்பது, விளக்குக்கு வராது. விடியலுக்குப் பின்னும் பொழுது சாய்வதற்கு முன்னும்தான் அதன் நேரம், எனவே பொறி பகலிலும் ஓட வேண்டும். இரவில் மட்டும் போட்டுவிட்டு "இங்கே எல்லாம் கியூலெக்ஸ்தான்" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பையில் இறக்கையும் காலும் மட்டும் மிஞ்சியிருந்தால் எறும்பு மின்கம்பி வழியாக வருகிறது. கம்பியில் வாசலின் தடவுங்கள்.

அறிகுறி 7: விசிறியே சுற்றவில்லை

பேட்டரியை விசிறி இணைத்த நிலையில் அளந்து பாருங்கள், கழற்றி அளந்தால் நல்ல வோல்டேஜ் காட்டி ஏமாற்றும். பிறகு முனைகள். தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி போன்ற கடலோர இடங்களில் உப்புக் காற்றால் பச்சைப் பூஞ்சணம் போலப் படிந்துவிடும், மணல்தாளால் தேயுங்கள். பிறகு பியூஸ். கடைசியில் மோட்டார், அதுதான் செலவு.

வீட்டுப் பிளக்கிலிருந்து வெளியே கம்பி இழுத்து அடாப்டர் நனைந்திருந்தால் நீங்கள் தொடாதீர்கள். சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 8: எண்ணிக்கை திடீரென ஏறுகிறது அல்லது இறங்குகிறது

முதலில் வகுத்தல் கணக்கு. பொறிக் குறியீடு என்பது முட்டையோ புழுவோ இருந்த பொறிகளை, *திரும்பக் கிடைத்த* பொறிகளால் வகுப்பது. 40 வைத்து 36 கிடைத்து 9இல் இருந்தால் 25 சதவீதம். 40ஆல் வகுத்தால் 22.5 ஆகிவிடும். காணாமல் போகும் பொறி கூடும் மாதத்தில் கொசு குறைந்த மாதிரி தெரியும் மாயம் இதுதான்.

பிறகு: ஐந்து நாளா ஏழு நாளா? எண்ணியது அதே ஆளா? முட்டை எண்ணியதா, புழு எண்ணியதா? ஒரு பொறிக்கு எத்தனை என்ற சராசரி மட்டும் ஏறி குறியீடு ஏறவில்லை என்றால் ஒரே பொறியில் ஏராளமாக விழுந்திருக்கும், அந்த வீட்டைச் சுற்றிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் வட்டாரமே ஏறுகிறது. பக்கத்தில் கட்டுமானத் தளமோ பூட்டிய வீடோ இருந்தால் உள்ளே நுழைய உங்களுக்கு உரிமையில்லை. சுகாதார அலுவலகத்துக்குத்தான் உண்டு, உடனே சொல்லுங்கள்.

அறிகுறி 9: பொறி காணோம், அல்லது வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார்

காணாமல் போவது திருட்டு அல்ல. துப்புரவுப் பணியாளர் குப்பை என்று எடுத்திருப்பார், பிள்ளைகள் விளையாட எடுத்திருப்பார்கள். தேதி, தொலைபேசி எண், "கொசு ஆய்வு, தொடாதீர்கள்" என்று மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் ஒட்டுங்கள். துப்புரவுக் காண்டிராக்டரின் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதி இழப்பு நின்றுவிடும்.

வீட்டுக்காரரின் தயக்கம் வேறு. "ஏன் தம்பி, இதுல கொசு வளந்தா எனக்குத்தானே சம்மன் வரும்?" என்று ஜெலுத்தோங்கில் பாட்டிமார் கேட்பது நியாயமான கேள்வி. 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தில் 500 வெள்ளி (ரிங்கிட்) வரை, நீதிமன்றம் போகாமலே கட்டும் அபராதம் உண்டு. "ஒன்னும் ஆகாது பாட்டி" என்று சமாளிக்காதீர்கள். யார் வைக்கிறார்கள், எந்த நாள் எடுப்பார்கள் என்று எழுதிய தாளைக் கையில் கொடுங்கள், சொன்ன நாளில் போய் எடுங்கள். வயதானவர்களிடம் டிங்கியைப் பற்றி விளக்கவும் வேண்டாம். 1902இலேயே பதிவான காய்ச்சல் இது, ரத்தக்கசிவு டிங்கி 1962இல் இந்தத் தீவில் வெளிப்பட்டது. அவர்களில் சிலர் அதைக் கண்ணால் கண்டவர்கள்.

வேண்டாம் என்றே சொன்னால் விட்டுவிடுங்கள், அடுத்த வீட்டைக் கேளுங்கள். கிளம்பும் முன் கோப்பைத் தண்ணீரைக் கால்வாயில் ஊற்றாமல் காய்ந்த தரையில் கொட்டி, உள்சுவரைத் துணியால் அழுத்தித் தேய்த்து எடுங்கள். ஒட்டிய முட்டை வெறும் தண்ணீர் அலசலுக்குப் போகாது. பலகையைத் தனி உறையில் போட்டு, வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் "மறுப்பு" என்று எழுதுங்கள், பூஜ்யம் அல்ல.